முகர்ந்து பார்த்து வாங்கும் கடை

ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா காலி அறையைப் பார்த்து, "வாங்க, வாங்க," என்றாள்.

குரல் உடைந்து வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு தடவை சொன்னாள். பரவாயில்லை.

சனிக்கிழமை மாலை கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் மெஷினை நிறுத்திவிட்டுக் கிளம்பினால், திங்கட்கிழமை வரை அவளுக்குப் பேச ஆள் கிடையாது. வாரத்தின் முதல் வார்த்தை எப்போதும் கரகரப்பாகத்தான் வரும். இன்று அப்படி வரக் கூடாது. இன்று தம்பி வருகிறான். மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறான்.

தம்பி கப்பலில் எலெக்ட்ரீஷியன். மனைவி இறந்தபின் கடலுக்குப் போகவில்லை. கரையில் அகப்பட்ட வேலைகளைச் செய்துகொண்டிருந்தான். இப்போது பழைய கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. ஏறினால் எட்டு மாதம் கழித்துத்தான் இறங்க முடியும். அதுவரை குட்டியை யாரிடம் விடுவது?

இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று சித்தியின் வீடு. சித்தி, குட்டியின் அம்மாவுக்குத் தங்கை. இன்னொன்று இந்த வீடு. அத்தை வீடு.

குட்டிக்குக் கோதுமை ஆகாது. பிடிக்காது என்பதல்ல, ஒரு துகள் உள்ளே போனாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். சித்தியின் கணவரோ பேக்கரி நடத்துகிறார். கீழே பேக்கரி, மாடியில் வீடு. படிக்கட்டின் கைப்பிடியில்கூட மாவு படிந்திருக்கும் என்று தம்பியே சொல்லியிருக்கிறான்.

அதனால் பேச்சு அத்தை பக்கம் சாய்ந்திருந்தது. "நீ எப்படி வச்சிருக்கேன்னு ஒரு நாள் வந்து பாத்துடறேன்க்கா. தப்பா எடுத்துக்காத," என்று போன வாரம் போனில் சொன்னான்.

"இதுல தப்பா எடுத்துக்க என்ன இருக்கு. வா."

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பயந்தாள்.

மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோப்பில் வாசனை இல்லை. காபியில் சூடு மட்டும் இருந்தது. சிலருக்குத் திரும்ப வரும் என்றார் டாக்டர். அந்தச் சிலரில் அவளும் ஒருத்தியா என்று சொல்லவில்லை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. முதலில், சொல்ல ஆள் இல்லை. பிறகு, குட்டியைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது.

*

தம்பி நாலாவது மாடிக்கு மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். பின்னால் குட்டி, முதுகில் பையோடு, மூச்சே வாங்காமல்.

"லிஃப்ட் ஓடலயா?"

"ஞாயித்துக்கிழமை அதுக்கு லீவு."

"மத்த நாள்?"

"மத்த நாள் உடம்பு சரியில்லாம லீவு."

தம்பி சிரித்தான். மெலிந்திருந்தான். சட்டைக் காலரில் ஒரு பட்டன் வேறு நிற நூலில் தைக்கப்பட்டிருந்தது. அவனே தைத்திருப்பான்.

"உள்ள வா குட்டி. எவ்ளோ வளந்துட்டே."

"போன தடவையும் இதான் சொன்னீங்க அத்தை," என்றாள் குட்டி. குறையாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னாள்.

அவளுக்கு எட்டு வயது. பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்ததும் முன்பக்கத்தைப் பார்க்காமல் திருப்பினாள். பின்பக்கத்துச் சின்ன எழுத்துகளை விரல் வைத்துப் படித்தாள். "சோளம். அரிசி. உப்பு. சரி," என்று சொல்லிவிட்டுப் பிரித்தாள். மற்றக் குழந்தைகள் படம் பார்க்கும் இடத்தில் இவள் படிக்கக் கற்றிருந்தாள்.

தம்பி சமையலறையைச் சுற்றிப் பார்த்தான். மின்சார அடுப்பு. கூரையில், புகை வந்தால் கத்தும் கருவி.

"கேஸ் அடுப்பு என்ன ஆச்சு?"

"குழந்தை வர்ற வீடு. எதுக்கு வம்பு."

பாதி உண்மை. தம்பி தலையாட்டினான்.

"வீட்டுல கோதுமை எங்கயும் இல்லயே?"

"அதுக்கு இங்க அனுமதி இல்லன்னு சொல்லி அனுப்பியாச்சு."

"உனக்கு ரொட்டின்னா உயிராச்சேக்கா."

"எனக்கு இப்ப எல்லாம் ஒண்ணுதான்."

இது முழு உண்மை. அவன் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டான். முகம் இளகியது. அவள் திரும்பிக்கொண்டு பாத்திரத்தை நகர்த்தினாள்.

"சரி, பொருளெல்லாம் எங்க வாங்கற? அதைக் காட்டு. எனக்கு அதுதான் முக்கியம்."

"கெளம்பு. காட்டறேன்."

*

ஊரில் ஆரோக்கியம் விற்கிற கடைகளுக்குக் குறைவில்லை. நல்ல கடை எது என்று கண்டுபிடிக்க அவளுக்குப் பல மாலைகள் ஆயின. வேலை முடிந்ததும் ஒவ்வொரு பகுதியாக ஏறி இறங்கினாள். வேறு யாராவது என்றால் தெரிந்தவர்களைக் கேட்டிருப்பார்கள். அவள் நடந்தே கேட்டாள்.

தேறாத கடைகளையும் தம்பிக்குக் காட்டினாள். தேறாதவை எவை என்று தெரிவதுதானே விசாரித்ததற்கு அடையாளம்.

முதல் கடை மெயின் ரோட்டில். பச்சைப் பலகை, அதில் ஒரு இலை. வாசலிலேயே ஏப்ரன் கட்டிய இளைஞன் பிடித்துக்கொண்டான்.

"சார், வெயிட் குறைக்கணுமா, கூட்டணுமா?"

"இருக்கறத அப்படியே வச்சுக்க ஏதாவது இருக்கா?"

இளைஞன் யோசித்தான். "அதுக்கு ஒரு பவுடர் இருக்கு சார்."

அக்கா தம்பியின் முழங்கையைத் தொட்டாள். வரிசையாகத் திறந்த தொட்டிகள். ஒரு அம்மாள் கோதுமை ரவையை அள்ளிப் பையில் போட்டுவிட்டு, அதே கரண்டியை அரிசி மாவில் செருகினாள்.

"பாத்தியா? எட்டுத் தொட்டிக்கும் ஒரே கரண்டி."

"கேட்டியா?"

"கேட்டேன். எல்லாமே இயற்கைதானே மேடம்னான்."

குட்டி அந்தத் தொட்டிகளிடமிருந்து தானாகவே இரண்டடி தள்ளி நின்றாள்.

இரண்டாவது கடை, பெரிய வணிக வளாகத்தில் இரண்டாம் மாடி. எல்லாம் அடைத்து, சீல் வைத்து, விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். மெல்லிய இசை. ஆளே இல்லை.

"இது நல்லா இருக்கே?" என்றான் தம்பி.

"மூடிய தடவிப் பாரு."

தடவினான். விரலில் தூசி.

"கலப்பு இருக்காது, அது சரி. ஆனா யாரும் வாங்கறதில்ல. முடியற தேதி போட்டிருக்கான். அரைச்ச தேதி எங்கயாவது இருக்கா பாரு. இருக்காது. பருப்பு, விதை, மாவு எல்லாம் எண்ணெய்ப் பொருள்டா. கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கும். உள்ள காறிப் போயிருக்கும்."

தம்பி டப்பாவைத் திரும்ப வைத்தான். அக்காவைப் புதிதாகப் பார்ப்பவன்போல் பார்த்தான்.

"நீ இவ்ளோ விசாரிச்சியா?"

"எனக்கு வேற என்ன வேலை."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மூன்றாவது கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. சைக்கிள் ரிப்பேர் கடைக்குப் பின்னால் ஒரு சந்து, சந்தின் முடிவில் இரண்டு அறைகள். முன்னறையில் டின்கள், பின்னறையில் ஒரு சின்ன அரவை மெஷின். வாரத்தில் இரண்டு நாள் அரைப்பார்கள். தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

"இந்தக் கடைக்குள்ள கோதுமை வந்ததே இல்ல," என்றாள் அக்கா, சந்தில் நடந்துகொண்டே. "கடைக்காரம்மாவோட பையனுக்கும் குட்டி மாதிரிதான். அவனுக்காக ஆரம்பிச்சது. அவன் பெரியவனாகி எங்கயோ போயிட்டான். கடைய மூட மனசு வரல அவங்களுக்கு."

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கடைக்காரம்மாள் எதையும் முகராமல் விற்பதில்லை. அவர் முகர்ந்தால் போதாது. வாங்குகிறவர் முகர வேண்டும். டின்னைத் திறந்து ஒரு சிட்டிகை உள்ளங்கையில் வைப்பார். "மோந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்பார். வாங்குகிறவர் தலையாட்டினால்தான் பொட்டலம்.

முதல் நாள் அக்கா உள்ளங்கையோடு திகைத்து நின்றாள். அடுத்த வாரத்திலிருந்து பழகிவிட்டது. மற்றவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். கண்ணை மூட வேண்டும். முகத்தைக் கொஞ்சம் தூக்க வேண்டும். உடனே தலையாட்டக் கூடாது. ஒரு மூச்சு பொறுத்து ஆட்ட வேண்டும். கடைக்காரம்மாள் எப்போதும் நல்ல பொருளைத்தான் கொடுத்தார். அதனால் அவள் தலையாட்டல் ஒருநாளும் தப்பவில்லை.

வேறு கடையைத் தேடியிருக்கலாம். ஆனால் இங்கே கடைக்காரம்மாள், "என்னம்மா, போன வாரம் இருமல்னீங்களே?" என்று கேட்பார். வாரத்தில் வேறு யாரும் அப்படிக் கேட்பதில்லை.

*

அவர்கள் உள்ளே போனபோது பின்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரம்மாள் கதவிடுக்கு வழியாகக் கையைக் காட்டினார். இதோ வர்றேன்.

கல்லாவின் ஓரத்தில் ஒரு டின் இருந்தது. பாதாம் மாவு இருக்கிற அதே மாதிரி டின். மூடி தளர்வாக இருந்தது.

பாதாம் மாவு வாங்கத்தான் வந்திருந்தாள். தம்பி பக்கத்தில் நின்றான். காலையிலிருந்து எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. கடைக்காரம்மாள் வரும்வரை சும்மா நிற்பானேன் என்று தோன்றியது.

மூடியைத் திறந்தாள். ஒரு சிட்டிகை எடுத்தாள். கண்ணை மூடினாள். முகத்தைக் கொஞ்சம் தூக்கினாள். ஒரு மூச்சு பொறுத்தாள்.

"இதுதான்," என்றாள். "எவ்ளோ புதுசு பாரு. இந்த மாதிரி வேற எங்கயும் கிடைக்காது."

டின்னைத் தம்பியிடம் நீட்டினாள்.

தம்பி குனிந்தான். சட்டென்று நிமிர்ந்தான். "அக்கா, இது…"

"பெயின்ட் வாசனை வருது," என்றாள் குட்டி, கீழேயிருந்து.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம்.

"புது மாவு கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்," என்றாள் அக்கா.

மெஷின் நின்றது. கடைக்காரம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "ஐயோ, அதை ஏம்மா திறந்தீங்க? காறிப் போன மாவு அது. சப்ளை பண்றவன் மூஞ்சியில திருப்பி அடிக்க எடுத்து வச்சிருக்கேன். சந்து முனையிலயே நாத்தம் வருமே."

கடைக்காரம்மாள் டின்னை அழுத்தி மூடிவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியலயாம்மா?"

"சளி," என்றாள் அக்கா. "ரெண்டு நாளா மூக்கடைப்பு."

"அதுக்கென்ன, எனக்கும்தான் வரும்," என்றான் தம்பி. "இவ சின்ன வயசுலேருந்தே மழை பேரச் சொன்னாலே தும்முவா." சிரிப்பில் விட்டுவிட்டான். அவனுக்கு அதை நம்ப வேண்டியிருந்தது.

கடைக்காரம்மாள் சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து வேறு டின்னை எடுத்து வந்தார். வழக்கப்படி ஒரு சிட்டிகை எடுத்தார். அதை அக்காவிடம் நீட்டவில்லை. குனிந்து குட்டியின் உள்ளங்கையில் வைத்தார்.

குட்டி முகர்ந்தாள். கண்ணை மூடவில்லை. முகத்தைத் தூக்கவுமில்லை. "இது நல்லா இருக்கு," என்றாள்.

கடைக்காரம்மாள் பொட்டலம் கட்டினார். கொடுக்கும்போது அக்காவின் முகத்தைப் பார்த்தார். இருமல் எப்படி இருக்கிறது என்று இன்றைக்குக் கேட்கவில்லை.

*

சாப்பிட்டபின் தம்பி வாசலுக்கு வெளியே, படிக்கட்டில் உட்கார்ந்தான். சித்திக்குப் போன் செய்ய வேண்டும்.

போனைக் கையில் எடுத்தான். கதவருகே செருப்பு வைக்கும் பலகை. அக்காவின் செருப்பு ஒரு ஜோடி. பக்கத்தில், கடைச் சீட்டுகூடக் கிழிக்காத குழந்தைச் செருப்பு ஒரு ஜோடி. எந்த அளவு என்று அவனிடம் கேட்கவே இல்லை. இரண்டு அளவு பெரிதாக வாங்கியிருந்தாள்.

இந்த ஒரு வருடத்தில் அவன் நன்றாகத் தூங்கிய நாள்கள் குறைவு. கப்பல் அறையில் தூங்கினால் மெஷின் சத்தம் இருக்கும். வீட்டில் அடுத்த அறையில் குட்டி புரண்டு படுக்கும் சத்தம் இருந்தது. அது நின்றால் எழுந்து போய்ப் பார்ப்பான். கடலுக்குப் போக வேண்டும் என்று நினைத்த ஒவ்வொரு தடவையும் அவனுக்குத் தன்மேல் கோபம் வந்தது. போகவும் வேண்டியிருந்தது.

எண்ணை அழுத்தினான்.

"சொல்லுங்க மாமா," என்றாள் சித்தி. பின்னால் மாவு பிசையும் மெஷின் ஓடியது.

"அக்காகிட்டயே விடலாம்னு இருக்கேன். ஊர்ல இருக்கற ஒவ்வொரு கடையும் அவளுக்கு அத்துப்படி. கரண்டி வரைக்கும் பாத்து வச்சிருக்கா. நீ தப்பா நினைக்கக் கூடாது."

அந்தப் பக்கம் மெஷின் நின்றது.

"இல்ல மாமா. நல்லதுதான்," என்றாள் சித்தி. "ரொம்ப நல்லதுதான்."

சமையலறை ஜன்னல் படிக்கட்டுப் பக்கம் திறந்திருந்தது. தட்டுக் கழுவிக்கொண்டிருந்த அக்காவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. குழாயை மூடினாள். ஈரக் கையோடு அப்படியே நின்றாள்.

எட்டு மாதம். காலையில் எழுப்ப வேண்டும். தலை பின்ன வேண்டும். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"அத்தை."

குட்டி பின்னால் நின்றிருந்தாள். கையில், காற்றுப் புகாதபடி வாயை இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் பை.

"என்னடா?"

குட்டி முடிச்சை அவிழ்த்தாள். பழகிய கை. உள்ளே ஒரு ஸ்கார்ஃப், மஞ்சள் நிறம், நாலாக மடித்தது.

"அம்மாவோடது. துவைக்கல. எனக்கு வாசனை இருக்கான்னு தெரியல. சில நாள் இருக்கு, சில நாள் இல்ல. நானா நினைச்சுக்கறேனோ என்னவோ." அவள் குரல் தாழ்ந்தது. "அப்பாகிட்ட கேக்க முடியாது. நீ சொல்லேன்."

இதுவரை நீங்க என்றுதான் பேசியிருந்தாள்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். ஸ்கார்ஃபை வாங்கினாள். மென்மையான துணி. ஒரு ஓரத்தில் தையல் விட்டிருந்தது. அவள் முகத்தை அதில் வைத்தாள். துணி முகத்தில் பட்டது. அவ்வளவுதான்.

கண்ணை மூடினாள். முகத்தைக் கொஞ்சம் தூக்கினாள். ஒரு மூச்சு பொறுத்தாள்.

"இருக்கு," என்றாள்.

கண்ணைத் திறந்தபோது குட்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கார்ஃபை அல்ல. அவள் முகத்தை.

"கடையிலயும் இப்படித்தான் பண்ணீங்க," என்றாள் குட்டி.

கோபம் இல்லை. ஸ்கார்ஃபை வாங்கி நாலாக மடித்தாள். பையில் வைத்தாள். வாயைச் சுருட்டி முடிச்சுப் போட்டாள். முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

பிறகு அறைக்குப் போய், ஜன்னலோரமாக உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

*

ரயில் வர நேரம் இருந்தது. குட்டி பிளாட்பாரக் கடையில் நின்று ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் முதலில் முறைத்தார். பிறகு அவரும் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

பெஞ்சில் தம்பி பேசிக்கொண்டே போனான். பள்ளிக்கூடம், தடுப்பூசி, அடுத்த வாரம் எந்த நாள் கொண்டுவந்து விடுவது.

"எனக்கு மூக்கு போயிடுச்சுடா," என்றாள் அக்கா.

"என்ன?"

"வாசனை தெரியாது. சளி இல்ல. மழைக்காலத்துலேருந்து. எதுவுமே தெரியாது. காறிப் போனதும் தெரியாது. நல்லதும் தெரியாது."

தம்பி அவளைப் பார்த்தான்.

"அப்ப கடையில?"

"நடிச்சேன்."

"இத்தனை வாரமும்?"

"இத்தனை வாரமும்."

ஒரு சரக்கு ரயில் நிற்காமல் போனது.

"காய்ச்சலா படுத்திருந்தியா?"

"ம்."

"யாரு பாத்துக்கிட்டா?"

"யாரு பாத்துக்கணும். குழாய்ல தண்ணி வந்துச்சு. போதும்."

"பக்கத்து வீட்டுல?"

"பக்கத்து வீட்டுல நாய் வச்சிருக்காங்க."

"யாரு இருக்காங்கன்னு கேக்கறேன்."

அவள் யோசித்தாள். "நாயைத்தான் தெரியும்," என்றாள்.

தம்பி சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. முழங்கை இரண்டையும் தொடையில் ஊன்றிக் குனிந்துகொண்டான்.

"அடுப்பை மாத்திட்டேன்," என்றாள் அவள். "புகைக்குக் கருவி மாட்டியிருக்கேன். கடைக்காரம்மாகிட்ட சொல்லிட்டேன்னா அவங்களே பாத்துக் கொடுப்பாங்க. பாலு, எண்ணெய் எல்லாம் சின்னச் சின்னதா வாங்கறேன். மிச்சம் வைக்க மாட்டேன்."

"அது இல்லக்கா."

"அப்புறம்?"

"தெரியலன்னு சொல்லியிருந்தா கூட்டிட்டு வந்து விட்டுட்டுப் போயிருப்பேன். நீ நல்லா இருக்குன்னு சொன்னே. கெட்ட மாவை என் மூக்குல நீட்டி, புதுசுன்னு சொன்னே. அவ பெயின்ட் வாசனைன்னு சொன்னப்பவும் விடல."

"இப்ப சொல்லிட்டேனே."

"ஏன் சொன்னே?"

"குட்டி கண்டுபிடிச்சுட்டா."

அது அவளுக்குச் சாதகமான பதில் இல்லை என்று தெரியும். இன்றைக்கு இன்னொரு பொய் சொல்ல வாய் வரவில்லை.

தம்பி தலையாட்டினான். மெதுவாக, பல தடவை.

"சித்தி வீட்டுலயே விட்டுடறேன்."

"அங்க மாவு பறக்குதுன்னு நீதானே சொன்னே."

"மாவு பறந்தா கண்ணுக்குத் தெரியும்க்கா."

ரயில் வந்தது. குட்டி எதுவும் வாங்காமல் திரும்பி வந்தாள். "எல்லாத்துலயும் இருக்கு," என்றாள். ஜன்னலோர இடம். அக்கா பாதாம் மாவுப் பொட்டலத்தைக் கம்பி வழியாக நீட்டினாள். குட்டி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"போயிட்டு வரேன் அத்தை."

வரேன் என்றுதான் சொன்னாள். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

*

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மேஜையில் மூன்று தட்டுகள் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தன. இரண்டை எடுத்து உள்ளே வைத்தாள். மதியம் மிஞ்சியதைச் சூடாக்கினாள். நன்றாக இருக்கிறது என்று குட்டி இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்ட சோறு அது. அக்காவுக்கு அது சூடாக மட்டும் இருந்தது.

போன் அடித்தது. தெரியாத எண்.

"அண்ணி, நான் சித்தி பேசறேன். குட்டியோட சித்தி."

கல்யாணத்தில் பார்த்தது, சாவில் பார்த்தது. இருவரும் தனியாக ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

"சொல்லுங்கம்மா."

"மாமா ரயில்லேருந்து பேசினார். உங்க விஷயத்தைச் சொன்னார்." சித்தியின் குரல் பக்கத்தில், அடங்கி ஒலித்தது. "மூட்டை வைக்கிற ரூம்லேருந்து பேசறேன் அண்ணி. இங்கதான் யாரும் வர மாட்டாங்க. நீங்க சொல்லாம இருந்திருந்தா அவ உங்ககிட்ட வந்திருப்பா இல்ல?"

"ஆமா."

"நீங்க சொல்லிட்டீங்க. நான் சொல்லல."

"எதை?"

"போன லீவுக்கு அவ இங்க வந்திருந்தாளே, அப்போ…" ஒரு கதவு திறக்கும் சத்தம். யாரோ ஒரு ஆண் குரல், எங்க போனே என்று. "இல்லங்க, கணக்குல ஒண்ணும் பாக்கி இல்ல," என்று சித்தி உரத்துச் சொன்னாள், யாரோ வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல. இணைப்பு அறுந்தது.

அக்கா திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை.

ரயில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். தம்பியைக் கூப்பிட்டுச் சொல்லலாம். என்னவென்று? சித்தி வீட்டில் குட்டிக்கு ஏதோ ஆகியிருக்கிறது, என்னவென்று எனக்குத் தெரியாது என்று. குழந்தையைப் பிடுங்கிக்கொள்ள அக்கா அடுத்த கதையைக் கட்டுகிறாள் என்றுதான் நினைப்பான். நேற்று என்றால் நம்பியிருப்பான்.

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவன் எண்ணை அழுத்தினாள்.

நெடுநேரம் அடித்தது. எடுத்தது குட்டி.

"அப்பா தூங்கறார் அத்தை."

"சரி, தூங்கட்டும்." வைத்துவிடப் பார்த்தாள். வைக்கவில்லை. "குட்டி, லீவுக்குச் சித்தி வீட்டுல இருந்தியே. அங்க உனக்கு உடம்பு ஏதாவது முடியாமப் போச்சா?"

ரயில் ஒரு பாலத்தில் ஏறியது. சத்தம் மாறி, மறுபடி பழைய சத்தம் வந்தது. போன் அறுந்துவிட்டதோ என்று அவள் நினைத்தாள்.

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தப்ப நீங்க யார்கிட்டயும் சொல்லலதானே," என்றாள் குட்டி.

"சொல்லல."

"நானும் சொல்லல. சொன்னா அப்பா கப்பலுக்குப் போக முடியாது."



"ரொம்ப முடியலயா?"

"மாவு உள்ள போயிடுச்சு. வாந்தியில ரத்தம் வந்துச்சு," என்றாள் குட்டி. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கும் அதே குரல். "சித்தி அழுதாங்க. சித்தப்பா, யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னார்." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்பா முழிச்சுக்கறார். போனைக் கொடுக்கவா?"

"கொடு," என்றாள் அக்கா.